எட்டுப் போட்டு வாங்குங்கள்!

"மாமா, ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?" என்று அக்கா மகன் போனில் கேட்டபோதே விஷயம் புரிந்துவிட்டது. 23 வயது, முதல் வேலை, பாங்கில் நாலு மாதச் சம்பளம். இந்த வயதில் ஒருவன் மாமாவைத் தேடினால் ஒன்று காதல், இல்லாவிட்டால் பைக். இரண்டிலும் அவன் ஏற்கெனவே முடிவு செய்திருப்பான். அம்மாவிடம் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பைக்தான். யமஹா ஆர்15, 2016 மாடல், சிவப்பு. வில்லிவாக்கத்தில் ஒருவர் விற்கிறாராம். "எஞ்சின் சத்தத்தைக் கேட்டீங்கன்னா சொக்கிப் போயிடுவீங்க மாமா!"

அக்கா போனைப் பிடுங்கி ஒரே வரி சொன்னாள்: "உன்னை நம்பித்தான்டா அனுப்பறேன். உன் தோள்பட்டை ஞாபகம் இருக்கட்டும்."

மறக்கவா முடியும்? 2012-ல் நானும் இப்படித்தான் ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் பைக்கில் சொக்கிப் போனேன். பளபளவென்று பாலீஷ், தேன் மாதிரி எஞ்சின். தெருவில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பத்தாவது நாள் கேளம்பாக்கம் தாண்டி 80-ல் போய், முன்னால் போன லாரிக்காக ஆக்ஸிலரேட்டரை விட்டதும், ஹேண்டில் சாமி வந்த மாதிரி ஆட ஆரம்பித்தது. அடுத்து ஞாபகம் இருப்பது ஆஸ்பத்திரி ஃபேன். காறை எலும்பில் ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ. வண்டியைப் பிரித்த மெக்கானிக் வந்து, "சார், முன் ஃபோர்க்கு ஏற்கெனவே பெண்டு ஆகி, தட்டி நிமிர்த்தி வெச்சிருக்காங்க" என்றார். கம்பெனி மேல் தப்பில்லை. விற்றவர் சொல்லவில்லை, வாங்கியவன் கேட்கவில்லை.

அன்று கற்ற பாடம் இது: பழைய பைக்கில் எஞ்சினைப் பொய் சொல்ல வைக்கலாம். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்கலாம். கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்கலாம். ஆனால் வண்டி ஓடும் விதத்தை யாராலும் மூடி மறைக்க முடியாது. பத்து நிமிஷம் ஒழுங்காக ஓட்டிப் பார்த்தால் வண்டி தன் ஜாதகத்தைத் தானே ஒப்பித்துவிடும்.

ஸ்போர்ட்ஸ் பைக்கில் இது இன்னும் முக்கியம். சக்கரங்களுக்கு நடுவே தூரம் குறைவு, ஃபோர்க் செங்குத்தாக நிற்கும், ஹேண்டில் கீழே இருப்பதால் உங்கள் பாரத்தில் பாதி முன்சக்கரத்தின் தலையில். வளைவில் சட்டென்று திரும்பத்தான் இந்த ஏற்பாடு. அதனாலேயே சின்னக் கோணலும் பெரிதாகத் தெரியும். சாதா பைக் 'பரவாயில்லை' என்று பொறுத்துப் போகும் தப்பை ஸ்போர்ட்ஸ் பைக் பொறுக்காது.

ஞாயிறு காலை போனோம். என் பையில் ஹெல்மெட், காற்று பார்க்கும் கேஜ், டார்ச், கொத்தனார் நூல் ஒரு கண்டு.

"எதுக்கு மாமா நூல்? வீடு கட்டப் போறோமா?"

"பேசாம வாடா."

விற்பவருக்கு முப்பது வயதிருக்கும். மரியாதையான மனிதர். நான் போன் செய்து கேட்டுக்கொண்டபடி வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருந்தார். வாசலில் நிறைமாத மனைவி. குழந்தை பிறந்ததும் ஸ்கூட்டருக்கு மாறப் போகிறார்களாம்.

ஓட்டும் முன் நிற்க வைத்துப் பார்க்க வேண்டியவை சில. முதலில் டயரில் காற்று. இரண்டிலும் குறைச்சலாக இருந்தது. முனைக்கடையில் சரியாக அடித்துக்கொண்டு வந்தோம். இது விற்பவருக்குச் செய்யும் நியாயம். காற்று குறைந்தால் நல்ல வண்டியும் தள்ளாடும்.

அடுத்து டயரின் வயசு. பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 3616 என்றால் 2016-ன் 36-வது வாரத்தில் பிறந்தது. இந்த வண்டியின் இரண்டு டயரும் வண்டியோடு ஒன்றாகப் பிறந்து, ஒன்றாகவே கிழவனானவை. ரப்பர் இறுகிப் போயிருந்தது. பின் டயர் நடுவில் சப்பையாகத் தேய்ந்து, தோசைக்கல் மாதிரி. இப்படிப்பட்ட டயர் வளைவில் முதலில் சாய மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அப்புறம் தடாலென்று சாயும்.

ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, அது போய் இடிக்கும் ஸ்டாப்பரை டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கே நசுங்கலோ புது வெல்டிங்கோ இருந்தால், வண்டி எங்கேயோ பலமாக மோதியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். இதில் பெயின்ட் கூட உதிரவில்லை. பிரேக்கைப் பிடித்து முன்பக்கத்தை அமுக்கினேன். கீழே போய், ஒரே தடவை மேலே வந்து நின்றது. ஃபோர்க்கில் ஆயில் கசிவு இல்லை. நல்லது.

பிரேக்கைப் பிடித்தபடியே வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினேன். ஹேண்டிலின் கழுத்தில் விரல் வைத்திருந்த மருமகனிடம், "ஏதாவது தெரியுதா?"

"டக் டக்குன்னு ஒரு ஆட்டம் இருக்கு மாமா."

கோன்செட். ஹேண்டில் சுழல்வதற்குக் கழுத்தில் இருக்கும் பேரிங். தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டு முன்சக்கரத்தை ஓர் அங்குலம் தூக்கச் சொன்னேன். ஹேண்டிலை ஒரே விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இது சரியாக நடுவில் வந்து 'க்ளுக்' என்று உட்கார்ந்தது. வருஷக்கணக்கில் நேராகவே ஓட்டிக் குழியில் இறக்கியதில், குண்டுகள் ஒரே இடத்தில் மோதி மோதிப் பள்ளம் தோண்டிவிட்டன.

அப்புறம் நூல். மருமகன் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, பின் டயரை ஒட்டி இரண்டு பக்கமும் நூலை இழுத்து முன் டயர் வரை நீட்டினேன். இந்த மாடலில் பின் டயர் 130 மில்லிமீட்டர், முன் டயர் 90. ஆகவே நூலுக்கும் முன் டயருக்கும் நடுவே பக்கத்துக்குச் சுமார் 20 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இருந்ததோ, ஒரு பக்கம் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. மறுபக்கம் நூல் டயரை உரசியது.

விற்பவர் முகம் மாறியது. "சேஸிஸ் போயிடுச்சா சார்?"

"இருங்க, அவசரப்படாதீங்க."

பின் சக்கரத்தில் செயினை இழுத்துக் கட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் கோடுகள் உண்டு. இடது பக்கம் நாலாவது கோட்டிலும் வலது பக்கம் ஆறாவதிலும் நின்றது. யாரோ செயினை டைட் பண்ணும்போது ஒரு பக்கத்தை மறந்துவிட்டார். சக்கரம் கோணலாகவே ஊர் சுற்றியிருக்கிறது. மெக்கானிக் இரண்டையும் சமமாக்கினார். மறுபடி நூல். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. அங்கே எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டோம்.

இனி ஓட்டம். என் ஸ்கூட்டர் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு (திருடனில்லை என்று நிரூபிக்க இதைவிட நல்ல வழி இல்லை), ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் பார்த்துவிட்டு, ஹெல்மெட் மாட்டிக் கிளம்பினேன்.

நேர் ரோட்டில் 30-ல் பிடியைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். சில மெக்கானிக்குகள் இரண்டு கையையும் விட்டு வித்தை காட்டுவார்கள். நமக்கு வேண்டாம். விரல் பட்டும் படாமலும் இருந்தால் போதும். ஒரு பக்கமாக இழுத்தால் உடனே பதற வேண்டாம். நம் ரோடுகள் மழைநீர் வடிவதற்காக ஓரத்துக்குச் சரிந்திருக்கும். இடது ஓரத்தில் போனால் இடது பக்கம் இழுப்பது ரோட்டின் குணம். சமமான இடத்திலும் இழுத்தால்தான் வண்டியின் குணம்.

இது இழுக்கவில்லை. ஆனால் 50-லிருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டதும் உள்ளங்கையில் ஒரு மெல்லிய நடுக்கம். 2012-ல் இதே நடுக்கம்தான். அன்று அதற்கு அர்த்தம் தெரியவில்லை. என் தோள்பட்டை பிளேட்டுக்குத் தெரிந்தது. திரும்பிவிட்டேன்.

கடைசியாக, காலி மைதானத்தில் எட்டு. லைசென்ஸ் வாங்கும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸில் போட்டோமே, அதேதான். அங்கே எட்டு நம்மைச் சோதித்தது, இங்கே நாம் வண்டியைச் சோதிக்கிறோம். இடது வளைவும் வலது வளைவும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் சுலபமாகவும் மறுபக்கம் முரண்டாகவும் இருந்தால் ஃபோர்க்கோ சேஸிஸோ கோணல் என்று சந்தேகியுங்கள். இதில் இரண்டும் சமம். நடுவில் எட்டு மாறும் இடத்தில் மட்டும் ஹேண்டில் அந்தப் பள்ளத்தில் சிக்கி ஒரு வெட்டு வெட்டியது.

திரும்பி வந்து சொன்னேன். "எஞ்சின் நல்லா இருக்கு. சேஸிஸ் நேரா இருக்கு. ஆனா இந்த வண்டியை இன்னிக்கு யாரும் ஓட்டக் கூடாது. நீங்களும்தான்."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. "பழைய பைக்குன்னா கொஞ்சம் ஆடும்னு நெனச்சேன் சார். போன மாசம் வரைக்கும் இவளைப் பின்னால உட்கார வெச்சு செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன்" என்றார். வாசலைப் பார்க்காமலே சொன்னார்.

இங்கே ஒரு கணக்கைப் பிரித்துக்கொள்ளுங்கள். கோன்செட், டயர், ஃபோர்க் சீல், ஸ்விங் ஆர்ம் புஷ், செயின் - இவை தேயும் சாமான்கள். மாற்றலாம். விலையில் குறைத்துக் கேட்கலாம். சேஸிஸில் வளைவு, வெல்டிங், தட்டி நிமிர்த்திய ஃபோர்க், செயினைச் சரி செய்த பிறகும் ஒத்துவராத நூல் - இவற்றுக்கு பேரமே கிடையாது. பாதி விலைக்குக் கொடுத்தாலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மீதிப் பாதியை ஆஸ்பத்திரியில் கட்டுவீர்கள்.

மருமகன் வழியெல்லாம் பேசவில்லை. காதலில் மாமா குறுக்கே வந்த சோகம்.

பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். புது கோன்செட், இரண்டு புது டயர், பில் எல்லாம் வைத்திருக்கிறார். "வேற ஒருத்தர் அப்படியே எடுத்துக்கறேன்னு வந்தார் சார். மனசு கேக்கலை."

மறுபடி போனோம். மறுபடி நூல், மறுபடி எட்டு. 50-லும் 60-லும் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பார்த்தேன். கையில் நடுக்கம் இல்லை. டயர் பணத்தைச் சேர்த்து அவர் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கச் சொன்னேன். ஃபாரம் 29, 30 கையெழுத்தாகி, பையன் சிவப்பு வண்டியில் வீட்டுக்கு வந்து இறங்கினான்.

அக்கா வாசலுக்கு வந்தாள். கோன்செட், நூல், எட்டு எல்லாவற்றையும் விளக்கத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தயாரானேன். அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து கேட்டாள்:

"பின் சீட்டு இவ்வளவு ஒசரத்துல இருந்தா, நான் எப்படிடா ஏறிக் கோயிலுக்குப் போறது?"

அதை மட்டும் சோதிக்க மறந்துவிட்டேன்.