பல்லுக்குக் கம்பி கட்டியோர் கவனத்திற்கு

முன்தள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் நிற்கும் பற்களை ஒழுங்குபடுத்தக் கம்பி கட்டிக்கொள்ளும் மாணவ மாணவியரை இன்று பாடசாலைகளிற் சாதாரணமாகக் காண்கின்றோம். பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை நீடிக்கும் இச்சிகிச்சைக்குப் பெற்றோர் பொருளையும் பிள்ளைகள் பொறுமையையும் செலவிடுகின்றனர். எனினும், கம்பி கழற்றப்படும் நாளில், நேராகிவிட்ட பற்களின்மேல் சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெண்புள்ளிகளைக் கண்டு வருந்துவோரும் உளர். பல்லைக் கெடுத்தது கம்பியன்று. கம்பியைச் சுற்றித் தங்கிய அழுக்கேயாகும்.

மிளிரியின் இயல்பு

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் எனாமல் என்னும் மிளிரி, நமது உடலிலுள்ள பொருள்கள் யாவற்றினும் கடினமானது. அதன் நிறையில் ஏறக்குறைய 96 சதவீதம் கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த கனிப்பொருளாகும். முறிந்த எலும்பு கூடும். கிழிந்த தோல் ஆறும். மிளிரியோ இழந்தால் மீண்டும் வளராது. அதனை ஆக்கிய கலங்கள் பல் முளைக்கும் காலத்திலேயே அழிந்துவிடுகின்றன.

இத்துணை வன்மை வாய்ந்த மிளிரி அமிலத்துக்குத் தோற்றுவிடுகின்றது. பல்லில் ஒட்டியுள்ள கிருமிகள் நாம் உண்ணும் சீனியை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பீ.எச். அளவு ஏறக்குறைய 5.5 இற்குக் கீழே இறங்கியதும் மிளிரியிலிருந்து கனிப்பொருள் கரைந்து வெளியேறத் தொடங்கும். உமிழ்நீர் அவ்வமிலத்தைத் தணிக்க அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே, எவ்வளவு இனிப்பு உண்டோம் என்பதிலும், நாளில் எத்தனை முறை உண்டோம் என்பதே முக்கியமாகும்.

கம்பி கட்டிய வாயில் உணவுத் துணிக்கைகள் ஒளிந்துகொள்ளப் பல மூலைகள் உண்டு. நாவும் உமிழ்நீரும் அவ்விடங்களை எளிதில் துப்புரவு செய்யமாட்டா. கவனியாதுவிடின் நான்கு வாரங்களுக்குள்ளேயே வெண்புள்ளி தோன்றக்கூடும். பல்லில் ஒட்டிய பிடிக்கும் முரசுக்கும் இடைப்பட்ட பகுதியே பெரிதும் பாதிக்கப்படுகின்றது.

செய்ய வேண்டியவை

புளோரைட்டுக் கலந்த பற்பசையைக் கொண்டு காலையிலும் படுக்கைக்குச் செல்லுமுன்னும் பல் துலக்குதல் வேண்டும். உணவின் பின் வாயை நீரினாற் கொப்பளித்தல் நன்று. தூரிகையைக் கம்பிக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை எனச் சாய்த்துப் பிடித்துத் துலக்குக. கம்பியின் அடியிற் புகக்கூடிய மிகச் சிறிய தூரிகைகளும் கிடைக்கின்றன. துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, நிறைய நீரினாற் கொப்பளியாது விடுதல் நலம். பல்லில் எஞ்சும் புளோரைட்டு, கரைந்த கனிப்பொருள் மீண்டும் படிய உதவும். புளோரைட்டுப் பூச்சோ வாய் கொப்பளிக்கும் மருந்தோ தேவையாவெனப் பல் வைத்தியரிடம் கேட்டறிக.

பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேநீர் அருந்தும் வழக்கமும், இடையிடையே ரொபி, பிஸ்கற்று உண்பதும், சோடா வகைகளைச் சிறிது சிறிதாகப் பருகுவதும் இக்காலத்தில் ஆகா. இனிப்பு உண்பதாயின் பிரதான உணவோடு சேர்த்து உண்க. புழுக்கொடியல், எள்ளுருண்டை போன்ற வன்மையான பண்டங்கள் பிடிகளைப் பெயர்த்துவிடும். பெயர்ந்த பிடியை வீட்டிற் குறடுகொண்டு இழுத்தெடுக்க முனைந்தால் மிளிரியும் சேர்ந்து உடையலாம். அப்பணியை வைத்தியரிடமே விடுக.

அனுராதபுரம் போன்ற மாவட்டங்களிற் கிணற்று நீரிலுள்ள மிகையான புளோரைட்டினாற் சிலருக்குச் சிறுவயது முதலே பற்களில் வெண்தழும்பு இருப்பதுண்டு. ஆதலின், கம்பி கட்டுமுன் பற்களைப் புகைப்படம் எடுத்துவைத்தால் பழைய தழும்பையும் புதிய புள்ளியையும் பிரித்தறியலாம்.

பெற்றோர்க்கு

வெண்புள்ளி ஆரம்ப நிலையிலேயே அறியப்பட்டால் மேலும் பரவாது தடுக்கலாம். ஓரளவு மங்கவும் செய்யலாம். குழி விழுந்துவிட்டாலோ அடைப்பதன்றி வேறு வழியில்லை. ஆகவே, வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்திற் பிள்ளையின் பற்களைப் பாருங்கள். முரசு சிவந்து வீங்கியிருந்தாலோ, துலக்கும்போது இரத்தம் கசிந்தாலோ, துப்புரவு போதவில்லையென்பதற்கு அதுவே முதல் அறிகுறி. பற்களை நேராக்குவது வைத்தியரின் பணி. நேரான பற்களை நிறம் கெடாது அவரிடம் காட்டுவது வீட்டின் பணியாகும்.