கொக்கா? நீர்க்காக்காவா? மாலை வானத்தில் ‘ஆங்... ஆங்...’ என்று கத்திப் போகிறவர் யார்?

தை மாதத்துச் சாயங்காலம். மணி ஆறு. மூலைக்கரைப்பட்டி பக்கம் ரோட்டோரத்து டீக்கடையில் நெல்லை பஸ்சுக்குக் காத்திருக்கும் கூட்டம். திடீரென்று தலைக்கு மேலே ‘ஆங்... ஆங்...’ என்று சத்தம். டீ கிளாசோடு எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். முப்பது நாற்பது பறவைகள், ஈட்டி முனை போல வரிசை கட்டிப் பறந்துகொண்டிருந்தன.

“அண்ணாச்சி, கொக்கு போவுது பாருங்க!” என்றார் ஒரு வாலிபர்.

“ஏலே, கொக்கு என்னைக்குலே இப்படிக் கத்திக்கிட்டுப் போயிருக்கு? அது நீர்க்காக்கா” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர்.

“நீர்க்காக்கா கருப்பால்லா இருக்கும்? இது வெளுப்பா இருக்கே” என்றார் பெஞ்சிலிருந்த பெரியவர்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. தீர்ப்பு சொல்லப்படாமல் வழக்கு ஒத்திவைக்கப்பட்டது!

குளிர்காலம் வந்தால் இந்தப் பக்கத்துக் குளக்கரைகளில் இந்த வழக்கு அடிக்கடி நடக்கும். அன்று மேலே போனவர்கள் உள்ளூர் ஆசாமிகள் அல்ல. வரித்தலை வாத்துகள்! மங்கோலியா, திபெத், லடாக் பக்கத்து ஏரிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, பனி கொட்ட ஆரம்பித்ததும் தெற்கே கிளம்பி வருகிற காட்டு வாத்துகள். நெல்லையிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் கூந்தன்குளமும், அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியும் தமிழ்நாட்டில் இவற்றுக்குப் பேர்போன இடங்கள்.

இந்த வாத்து பகலில் குளத்துத் தண்ணீரில் சும்மா மிதந்துகொண்டு ஓய்வெடுக்கும். இருட்டுகிற நேரம் எழும்பி, புல்லும் தானியமும் மேய வயல்காட்டுக்குப் போகும். விடியற்காலம் திரும்பும். அதனால்தான் குளத்துக்கே போகாதவர் கண்ணிலும், வேலை முடிந்து பஸ்சில் வீடு திரும்புகிறவர் கண்ணிலும் இது படுகிறது. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் தலையில் இருக்கும் வரி எங்கே தெரியப் போகிறது? பேரை வைத்துக்கொண்டு ஆளைத் தேடினால் ஏமாற்றம்தான்!

வரிசையை நம்பாதே!

ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி வரிசை கட்டிப் போனாலே வெளிநாட்டுப் பறவை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். தப்பு. நம் ஊர் நீர்க்காகமும் அப்படித்தான் போகும். அரிவாள் மூக்கன் போகும். கூழைக்கடாவும் போகும். முன்னே போகிற பறவையின் இறக்கை நுனியிலிருந்து மேலே எழும் காற்றைப் பின்னே வருகிறது வாங்கிக்கொண்டால் கொஞ்சம் அலுப்பு மிச்சம். இந்தக் கணக்கு எல்லாப் பெரிய பறவைக்கும் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது கழுத்தையும் காலையும். கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கித் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். கால் பின்னால் குச்சி மாதிரி நீட்டி நிற்கும். நாரைக்கும் பூநாரைக்கும் கழுத்தும் நீளும், காலும் நீளும். கூழைக்கடாவுக்குக் கழுத்து மடங்கியிருக்கும். இறக்கையை அடிக்காமல் விரித்து வைத்துக்கொண்டே வெகுதூரம் மிதக்கும். வாத்துக்கோ கழுத்து முன்னால் நீண்டிருக்கும், கால் மட்டும் வாலுக்கு வெளியே தெரியாது. இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் பேர் வெளியே போய்விடுவார்கள்.

மிச்சம் நிற்கும் சந்தேக ஆசாமிகளில் ஒருவர் நீர்க்காகம். கழுத்து நீளும், கால் தெரியாது, வரிசையும் கட்டும். டீக்கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது உடம்பு முழுக்கக் கருப்பு. போகும்போது வாயே திறக்காது.

அடுத்தவர்கள் சின்ன வாத்து வகைகள். ஊசிவால் வாத்தும் வடக்கேயிருந்து வருவதுதான். ஆனால் இவர்களெல்லாம் இறக்கையைப் படபடவென்று அடிப்பார்கள், ஆபீசுக்கு நேரமான குமாஸ்தா மாதிரி! வரித்தலை வாத்து அப்படியில்லை. இரண்டு மூன்று கிலோ எடை. இறக்கையை விரித்தால் நுனிக்கு நுனி நாலரை அடிக்கு மேல். நிதானமாக, ஆழமாக அடித்துப் போகும். சீழ்க்கைச் சிறகி ராத்திரியில் கூட்டமாகப் போனால் விசில் அடித்துக்கொண்டு போகும். அதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

கடைசியில் சத்தம்தான் பெரிய சாட்சி. மூக்கால் பேசுவது போல ‘ஆங்... ஆங்...’. பழைய காரின் ரப்பர் ஹாரனைத் தூரத்தில் யாரோ அமுக்குகிற மாதிரி இருக்கும். வெளிச்சம் கொஞ்சம் இருந்தால் இறக்கையின் முன்பக்கம் வெளிர்ச் சாம்பல், பின் விளிம்பு கருப்பு என்பதும் தெரியும். தாழப் பறந்தால் வெள்ளைத் தலையின் பின்பக்கம் குறுக்கே இரண்டு கருப்புக் கோடு. மஞ்சள் அலகு, மஞ்சள் கால். அப்புறம் சந்தேகமே வேண்டாம். கூட்டத்தில் ஒன்றிரண்டுக்குக் கோடு சரியாக இல்லாவிட்டால் வேறு ஜாதி என்று நினைக்க வேண்டியதில்லை. அது அந்த வருஷத்துக் குஞ்சாக இருக்கும்.

எவரெஸ்ட் கதை

இந்த வாத்து எவரெஸ்ட் உச்சிக்கு மேலேயே பறக்கும் என்று ஒரு கதை உண்டு. கருவி கட்டிப் பார்த்தபோது பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். எவரெஸ்ட் 8,849. ஆனாலும் சாதாரணமா? அங்கே மனிதன் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். இதன் ரத்தத்துக்கு, காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்சப் பிராணவாயுவையும் இழுத்துப் பிடிக்கும் சக்தி அதிகம். சார்லஸ் பிஷப் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு சூட்சுமமும் தெரிந்தது. ஒரேயடியாக உயரே போய்ப் பறப்பதில்லை. மலை ஏறினால் ஏறி, பள்ளம் வந்தால் இறங்கி, தரையை ஒட்டியே போகிறது. அடர்த்தியான காற்றில் பறந்தால் செலவு குறைவு!

குமரித் துறையிலிருந்து வடமலைக்குப் போகும் அன்னத்தை, வழியில் கோப்பெருஞ்சோழன் அரண்மனையில் இறங்கிப் போகச் சொல்கிறார் புறநானூற்றில் பிசிராந்தையார். அந்த அன்னம் இதுதான் என்பார் உண்டு. ஆனால் பாட்டில் அது அயிரை மீன் தின்கிறது. இது புல் மேய்கிற சாதி. புலவர்கள் பாடு!

பேர் தெரிந்தால் என்ன லாபம்?

2020 டிசம்பர் கடைசியில் இமாசலப் பிரதேசத்து பாங் அணை ஏரியில் நீர்ப்பறவைகள் செத்து விழ ஆரம்பித்தன. பறவைக் காய்ச்சல். ஜனவரிக்குள் செத்தவை ஆயிரக்கணக்கில். அதில் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகளே. 2005-ல் சீனாவின் சிங்ஹாய் ஏரியிலும் இதே கதை நடந்தது. “ஏதோ வாத்து செத்துக் கிடக்கு” என்று சொல்வதற்கும், “தலையில் ரெண்டு கோடு போட்ட காட்டு வாத்து செத்துக் கிடக்கு” என்று வனத்துறைக்கோ கால்நடை ஆஸ்பத்திரிக்கோ சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. கையால் மட்டும் தொடக் கூடாது.

இன்னொன்று, கறி. நாட்டு வாத்து கடையில் விற்கிற சரக்கு. காட்டு வாத்தை அடிப்பது 1972-ம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். “வாத்துதானே” என்று வாங்குகிறவருக்கும் வம்பு வரும்.

கூந்தன்குளத்து ஜனங்களுக்கு இந்தச் சட்டம் தேவைப்படவில்லை. தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. குளத்து வண்டலில் சேரும் பறவை எச்சம் வயலுக்கு உரம். 1994-ல் சரணாலயம் என்று அரசு அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பே இந்த ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. குளத்தில் தண்ணீர் நிற்காத வருஷம் மட்டும் விருந்தாளி எட்டிப் பார்ப்பதில்லை.

மாசி, பங்குனியில் கூட்டம் வடக்கே கிளம்பிவிடும். இமயமலையின் அடிவாரத்திலிருந்து ஏறி அந்தப் பக்கம் இறங்க ஏழெட்டு மணி நேரம். பெரும்பாலும் காற்று ஓய்ந்த ராத்திரியில்தான் பயணம். அதுவரை டீக்கடை வழக்கு தினமும் ஆறு மணிக்கு விசாரணைக்கு வரும். அண்ணாந்து பார்க்கும் அவசரத்தில் பஸ்சைத் தவறவிட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்!