சான்றிதழ் படிக்கட்டாக வேண்டும்: வேலையற்றோர் பயிற்சியும் கல்லூரிகளின் கூட்டும்

தொழிற்பயிற்சி என்ற சொல்லை ஒடுக்கப்பட்ட மக்கள் ஐயத்தோடு கேட்பதற்குக் காரணம் உண்டு. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. ‘குலக்கல்வி’ என மக்கள் எதிர்த்ததால் 1954இல் அது கைவிடப்பட்டது. ஆகவே எந்தப் பயிற்சித் திட்டத்தையும் நாம் ஒரு கேள்வியால் அளக்க வேண்டும்: அது மனிதரை இருந்த இடத்திலேயே நிறுத்துகிறதா, மேலே செல்ல வழிவிடுகிறதா?

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் கூட்டு முயற்சி ஒன்றை இக்கேள்வியோடு பார்க்கலாம். குறைந்த கட்டணத்தில் ஈராண்டுப் படிப்பும் குறுகிய காலச் சான்றிதழ்களும் தருபவை இக்கல்லூரிகள். 2009 அக்டோபரில் அந்நாட்டின் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டது. இறக்குமதிப் போட்டியால் வேலை இழந்தோரை முன்னிறுத்தி, 2011 முதல் 2014 வரை நான்கு சுற்றுகளில் ஏறத்தாழ 200 கோடி டாலரை அரசு இக்கல்லூரிகளுக்கு ஒதுக்கியது. வழங்கப்பட்ட 256 நல்கைகளில் பல, கல்லூரிக் கூட்டமைப்புகளுக்குச் சென்றன.

சின்சினாட்டி ஸ்டேட் கல்லூரியின் தலைமையில் ஐந்து மாநிலங்களின் ஒன்பது கல்லூரிகள் மருத்துவத் துறைப் பணிகளுக்காக இணைந்தது அவற்றுள் ஒன்று. அவை செய்தவற்றுள் மூன்று முக்கியமானவை.

முதலாவது, பல மருத்துவப் பணிகளுக்கும் பொதுவான அடிப்படைப் பாடத்திட்டம். செவிலியர் உதவியாளராகத் தொடங்கியவர் வேறு பணிக்கு மாற விரும்பினால், படித்ததையே மீண்டும் படிக்க வேண்டியதில்லை. சான்றிதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். இரண்டாவது, பணி அனுபவத்தில் கற்றதை மதிப்பிட்டு அதற்கு மதிப்பலகு வழங்கல். மூன்றாவது, கணிதத்திலும் வாசிப்பிலும் பின்தங்கியோருக்கு அவற்றைத் தொழிற்பாடத்தோடு இணைத்துக் கற்பித்தல். பின்னமும் விகிதமும் மருந்தின் அளவைக் கணக்கிடும்போதே புரியவரும்.

இவற்றைத் தனியொரு கல்லூரி செய்வது கடினம். பாடத்திட்டம் உருவாக்கச் செலவு மிகுதி. ஒரே கல்லூரி தரும் சான்றிதழுக்கு வெளியூரில் மதிப்பும் குறைவு. கூட்டு இவ்விரண்டையும் தளர்த்துகிறது. மேலும், அரசுப் பணத்தில் உருவான பாடப்பொருள்கள் யாரும் பயன்படுத்தத்தக்க திறந்த உரிமத்தில் வெளியாக வேண்டும் என்பது நல்கையின் நிபந்தனை.

குறைகளும் உண்டு. இந்நல்கை கல்லூரியின் திறனை வளர்க்கத் தரப்பட்டது. மாணவரின் கட்டணத்துக்கோ குடும்பச் செலவுக்கோ அன்று. வேலையற்ற தாய் ஒருத்தி வகுப்பில் இருக்கும் நேரத்தில் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? பழைய எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. இவ்வகைக் கல்லூரிகள் பட்டக் கனவோடு வரும் மாணவரை மெல்லத் தணியவைத்துக் குறும்படிப்புகளுக்குத் திருப்புகின்றன என்று சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் 1960இலேயே எழுதினார். குலக்கல்வியை எதிர்த்தோரின் அச்சத்துக்கு அது தொலைவில் இல்லை.

இங்கே நம் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. கையால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அப்பணியில் இருந்தவருக்கோ அவர் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கோ, தகுதிக்கும் விருப்பத்துக்கும் உட்பட்டு, வாழ்வாதாரத் திறன் பயிற்சி தரச் சொல்கிறது. பயிற்சிக் காலத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையையும் உறுதிசெய்கிறது. மேற்சொன்ன அமெரிக்க நல்கையில் இல்லாத கூறு இது. ஆனால் அப்பயிற்சி எங்கே கொண்டுசெல்ல வேண்டும் என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் நம் கோரிக்கை நிற்க வேண்டும். அரசுக் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியவை மாவட்டந்தோறும் இணைந்து, பொதுப் பாடத்திட்டத்தை வகுக்க வேண்டும். ஒரு நிலையத்தில் பெற்ற சான்றிதழை மற்றொன்று ஏற்க வேண்டும். அது பட்டயத்துக்கும் பட்டத்துக்கும் கணக்கில் சேர வேண்டும். உதவித்தொகை, படிக்கும் காலம் முழுவதற்கும் ஒருவர் வாழப் போதுமானதாக உயர வேண்டும். பயிற்சி முடித்தவர்கள் ஓராண்டுக்குப் பின் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்பதை அரசு வெளியிட வேண்டும். அவர்கள் மீண்டும் துப்புரவு ஒப்பந்தத்திலேயே இருந்தால், பெயர் எதுவானாலும் அது பழைய திட்டமே.