தாயைக் கவனித்தால் பிள்ளை பிழைக்கும்

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால், நாங்கள் அடுக்கடுக்காகக் கேட்பதெல்லாம் அதன் தாயைப் பற்றித்தான். ரத்தம் எவ்வளவு இருந்தது, சர்க்கரை உண்டா, பிரஷர் ஏறியதா, காய்ச்சல் வந்ததா, பனிக்குடம் எப்போது உடைந்தது? உடன் வந்த பாட்டிக்குக் கோபம் வரும். "பிள்ளைக்கு மூச்சு வாங்குது, நீங்க அவளப் பத்தியே கேட்டுக்கிட்டிருக்கீங்களே டாக்டர்!" என்பார். அந்த மூச்சுத்திணறலுக்கான காரணம் பல நேரங்களில் தாயின் உடம்பில்தான் இருக்கிறது என்பதால்தான் கேட்கிறோம்.

"எல்லாம் நார்மல்னுதான் சொன்னாங்க" என்று பதில் வரும். கர்ப்பகால அட்டையைப் புரட்டினால் ஹீமோகுளோபின் 7 என்றும், பிரஷர் 150/100 என்றும் எழுதியிருக்கும். பக்கத்திலேயே "பெரிய மருத்துவமனைக்குச் செல்லவும்" என்ற குறிப்பும் இருக்கும். யாரும் போயிருக்க மாட்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் பிரசவத்தை மருத்துவரிடம் விட்டுவிட்டு, அதற்கு முந்தைய ஒன்பது மாதத்தையும் அக்கம்பக்கத்து யோசனையில் நடத்துகிற வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அதன் விலையைப் பிறக்கும் குழந்தை கொடுக்கிறது.

ரத்தசோகை: டப்பாவில் தூங்கும் மாத்திரைகள்

இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, அதாவது சுமார் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக அதே ஆய்வு சொல்கிறது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகைதான். 7-க்குக் கீழே போனால் அது தாயின் உயிருக்கே ஆபத்து. இப்படிப்பட்ட தாய்க்குக் குறைமாதத்திலோ எடை குறைந்தோ குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம். பிறந்த பின் குழந்தைக்குத் தேவைப்படும் இரும்புச்சத்தின் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து சேர்கிறது. குறைமாதத்தில் பிறந்துவிட்டால் அந்தச் சேமிப்பும் இல்லாமல் போகிறது.

அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். "வாந்தி வருது", "மலம் கறுப்பாப் போகுது" என்று நிறுத்தி, அட்டை அட்டையாக அலமாரியில் வைத்திருக்கிறார்கள். மலம் கறுப்பது இயல்பு. வாந்தி வந்தால் இரவில் சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம், மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை மாற்றலாம். ஊசி வழியாகவும் இரும்புச்சத்து ஏற்றலாம். டீ, காபியோடும் கால்சிய மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது. ஒன்பதாம் மாதம் வந்து "ரத்தம் ஊற ஏதாவது கொடுங்க" என்றால், ரத்தம் ஏற்றுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்காது.

சர்க்கரையும் பிரஷரும்: தாமதமாக வருவோர்

கர்ப்பகாலச் சர்க்கரை வலிக்காது, அதனால் யாரும் பயப்படுவதில்லை. தாயின் ரத்தத்தில் கூடும் சர்க்கரை குழந்தைக்கும் போகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் உடல் இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது, குழந்தை பெருத்துப்போகிறது. பிரசவத்தில் தோள் சிக்கலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் நிற்காது. பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருக்கும் அந்தக் குழந்தைக்குச் சில மணி நேரத்தில் சர்க்கரை அளவு சரிந்து வலிப்புகூட வரலாம். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்த பெண் கட்டுப்படுத்தாமல் கருத்தரித்தால், இதயக் கோளாறோடும் முதுகுத்தண்டுக் கோளாறோடும் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. உறுப்புகள் உருவாவது முதல் எட்டு வாரங்களில். பலர் கர்ப்பம் என்று அறிவதற்குள் அந்தக் காலம் முக்கால்வாசி கடந்துவிடுகிறது.

பிரஷர் இன்னும் மோசம். முகமும் கையும் திடீரென்று வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்று வலி, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்" என்று பார்லிக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, வலிப்பு வந்த பிறகு ஆம்புலன்ஸ் தேடுகிறார்கள்.

தாமதம் குழந்தையை எப்படிப் பாதிக்கிறது? பிரஷர் போன்ற காரணங்களால் குறைமாதத்தில் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரலைத் தயார்ப்படுத்த, தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவோம். 1972-ல் நியூசிலாந்து மருத்துவர்கள் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் நிரூபித்த சிகிச்சை இது. அதன் முழுப் பலன் கிடைக்க ஏறத்தாழ 24 மணி நேரம் வேண்டும். நேற்று காலை வந்திருந்தால் தானாக மூச்சுவிட்டிருக்கக்கூடிய குழந்தை, இன்று இரவு வந்ததால் வென்டிலேட்டரில் கிடக்கிறது.

நீங்களே மருத்துவராகாதீர்கள்

முதுகுவலி, பல்வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை இருக்கும். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவை பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மாதங்களில், குழந்தை பிறக்கும்வரை அதன் இதயத்துக்கு அருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாயை முன்கூட்டியே சுருக்கிவிடலாம். "பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டுச்சு" என்பது ஒரு மருத்துவக் காரணமே கிடையாது.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. கர்ப்பம் என்று தெரிந்ததும் தைராய்டு மாத்திரையை, வலிப்பு மாத்திரையை, ஆஸ்துமா இன்ஹேலரைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு சுரப்பு வேண்டும். கர்ப்பத்தில் அந்த மாத்திரையின் அளவைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும். வலிப்பு மருந்துகளில் வால்ப்ரோயேட் போன்ற சில குழந்தைக்குக் கெடுதல் செய்பவைதான். அவற்றை மாற்றும் முடிவை, கருத்தரிக்கும் முன்பே மருத்துவர் எடுக்க வேண்டும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத லேகியமும் சூரணமும் வேண்டவே வேண்டாம்.

நம்பிக்கைகளும் உண்மைகளும்

"இரும்பு மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், குங்குமப்பூ சாப்பிட்டால் சிவப்பாகப் பிறக்கும்." நிறத்தைத் தீர்மானிப்பது மரபணு. குங்குமப்பூவுக்குச் செலவழிக்கும் பணத்தில் தினம் ஒரு முட்டையும் கீரையும் வாங்கிக் கொடுங்கள்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடு" என்று ஒரு வீட்டில் திணிக்கிறார்கள். "பிள்ளை பெருத்தா சுகப்பிரசவம் ஆகாது" என்று இன்னொரு வீட்டில் வயிற்றைக் காயப்போடுகிறார்கள். இரண்டுமே குழந்தைக்குக் கேடு. இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறக்கும் குழந்தைக்கு உடல் சூடு நிற்பதில்லை, தொற்றும் எளிதில் பிடிக்கிறது.

"கிரகணத்தன்று சாப்பிட்டால் உதடு பிளந்து பிறக்கும்." உதட்டுப் பிளவுக்கும் கிரகணத்துக்கும் தொடர்பே இல்லை. சர்க்கரைக்கு ஊசி போடும் கர்ப்பிணியைப் பல மணி நேரம் பட்டினி போடுவதுதான் உண்மையான ஆபத்து.

"சீம்பால் செரிக்காது, பீய்ச்சிக் கொட்டு." பிறந்தபின் குழந்தைக்குக் கிடைக்கும் முதல் நோய் எதிர்ப்பு அதுதான். சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தைக்கு, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்கும் அந்தப் பால்தான் சர்க்கரை சரிவதைத் தடுக்க உதவுகிறது. அதற்குப் பதிலாகத் தேனையும் சர்க்கரைத் தண்ணீரையும் சேனை என்று தொட்டு வைக்காதீர்கள். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது. கழுதைப்பால், வசம்பு, உரமருந்து எதுவும் வேண்டாம். தொற்றும் புரையேறுதலும்தான் மிச்சம்.

"மஞ்சள் காமாலைக்கு வெயிலில் காட்டினால் போதும்." எல்லாக் காமாலைக்கும் அது போதாது. தாய் நெகட்டிவ் ரத்த வகை, குழந்தை பாசிட்டிவ் என்றால், அடுத்த குழந்தைக்குக் காமாலை மிக வேகமாக ஏறலாம். அது மூளையைத் தாக்கினால் காதும் கை காலும் நிரந்தரமாகப் பாதிக்கப்படும். இதைத் தடுக்க 28-ஆம் வாரத்திலும், பாசிட்டிவ் குழந்தை பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளும் ஆன்டி-டி ஊசி இருக்கிறது. கருக்கலைந்தாலும் போட வேண்டும். "முதல் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே" என்று அசட்டையாக இருப்பவர்களின் இரண்டாவது பிள்ளைதான் எங்களிடம் வருகிறது.

"தாய்க்குக் காய்ச்சல், பால் கொடுக்கக் கூடாது." சாதாரணக் காய்ச்சலில் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பிரசவமான பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் அவரை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பரிசோதனைகள்

கர்ப்பமான மூன்று மாதத்துக்குள் பார்க்க வேண்டியவை: ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, தைராய்டு, சிறுநீர், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ்-பி, சிபிலிஸ். 24-28 வாரத்தில் மறுபடி சர்க்கரை. உரிய வாரங்களில் ஸ்கேன். ஒவ்வொரு முறையும் பிரஷரும் எடையும்.

பிரசவத்துக்குப் பின் மறக்கப்படும் தாய்

பிள்ளை பிறந்ததும் வீட்டின் கவனமெல்லாம் தொட்டில் பக்கம் போய்விடுகிறது. பெற்றவளுக்குப் பத்தியச் சோறும் அளந்து கொடுக்கும் தண்ணீரும்தான். "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்கிறார்கள். தாகத்தோடு கிடக்கும் பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வரும், சோர்ந்துபோவாள். தாகத்துக்குத் தண்ணீரும், வயிறு நிறையப் பருப்பு, முட்டை, மீன், காய்கறியும் கொடுங்கள்.

இரண்டு வாரம் கடந்தும் காரணமில்லாமல் அழுகிறாள், தூங்குவதில்லை, பிள்ளையைத் தொட மறுக்கிறாள் என்றால் மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஒரு நோய், சிகிச்சையில் குணமாகும். கவனிக்காமல் விட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து.

எடை குறைந்த குழந்தைக்குத் தாயின் மார்புச் சூடே சிகிச்சை. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோடா நகரில் தொடங்கிய கங்காரு முறை இது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து, 2021-ல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனே இப்படி அணைத்து வைத்த குழந்தைகளிடையே இறப்பு 25 சதவீதம் குறைந்தது. தாயால் முடியாதபோது தந்தையோ பாட்டியோ செய்யலாம்.

தயவுசெய்து கேளுங்கள்

கல்யாணமான பெண்களே, குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே சர்க்கரையும் தைராய்டும் ரத்தமும் பார்த்துவிடுங்கள், ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். கணவர்களே, மனைவியோடு நீங்களும் பரிசோதனைக்கு வாருங்கள், அட்டையில் எழுதியிருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாமியார்களே, அம்மாக்களே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் உங்கள் காலத்தில் பிறந்து பிழைக்காமல் போன பிள்ளைகளையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

இதற்குப் பெரிய செலவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். மாதந்தோறும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் வீட்டு வாசலுக்கே வருகிறார். அவசரம் என்றால் 108 இருக்கிறது. தலைவலியோ வீக்கமோ காய்ச்சலோ, பிள்ளையின் அசைவு குறைவதோ, எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கைகூப்பிக் கேட்கிறேன், அன்றைக்கே வாருங்கள்.