சருகிலிருந்து கரிக்கட்டி

நெம்மேலி என்றதும் சென்னைக்காரர்களுக்கு 2013-இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைதான் நினைவுக்கு வரும். அதைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகச் சவுக்குத் தோப்புகள். வெட்டிய மரம் லாரியில் ஏறும். மிலாறு அடுப்புக்குப் போகும். மணல்மேல் மெத்தென்று கிடக்கிற சருகுக்கு அவ்வளவாகக் கிராக்கி இல்லை. மேற்கே நெல் வயல்கள் பக்கம் போனால் உமி குவிந்திருக்கும்.

இவற்றில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு கிலோ உமி எரிந்தால் சுமார் 3,000 கிலோகலோரி கிடைக்கும். காய்ந்த விறகைவிடக் கொஞ்சம்தான் குறைவு. எடைதான் இல்லை. ஒரு கன மீட்டர் உமி ஏறத்தாழ 100 கிலோதான். சருகும் அப்படித்தான்: அள்ளிப்போட்டால் குப்பென்று எரிந்து அடங்கும், அமுக்கிப்போட்டால் காற்று புகாமல் புகையும். சோறு வேகும்வரை அடுப்பை விட்டு நகர முடியாது.

சருகைக் கரியாக்கி, இறுக்கிக் கட்டியாக்குவது ஒரு வழி. சென்னை தரமணியில் இயங்கும் முருகப்பச் செட்டியார் ஆய்வு மையம் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற முறைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். 200 லிட்டர் இரும்பு டிரம் போதும். சருகைத் திணித்துப் பற்றவைத்து, காற்றை மட்டுப்படுத்த வேண்டும். அடர்ந்த புகை மெலிந்ததும் மூடி, இடுக்குகளை மண்ணால் பூசிவிட்டால் உள்ளே நெருப்பு மூச்சுமுட்டி அணையும். 100 கிலோ சருகுக்கு 30 கிலோவை ஒட்டிக் கரி தேறும். அதைப் பொடித்து, மரவள்ளி மாவுக் கஞ்சி விட்டுப் பிசைந்து, அச்சில் அழுத்தி, வெயிலில் காயவைத்தால் கட்டி தயார்.

உமியை இந்த டிரம்மில் போடுவது வீண்வேலை. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாகச் சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. கரியானபின் கிட்டத்தட்ட பாதி எரியாத பொருள். பல் துலக்க உமிக்கரி அருமை, அடுப்புக்கு ஆகாது.

சருகிலும் இழப்பு உண்டு. அதிலிருந்த சூட்டில் ஏறக்குறைய பாதி டிரம்மின் புகையோடு போய்விடும். புனேயின் ஆர்த்தி நிறுவனம் கரும்புத் தோகைக்காக உருவாக்கிய உலையில் அந்தப் புகையையே எரித்து, கரியாக்கத் தேவையான சூட்டை எடுத்தார்கள். 2002-இல் அதற்கு ஆஷ்டன் விருது கிடைத்தது. சமையற்கட்டில் கரிக்கட்டி புகைவதில்லை என்பது பெரிய லாபம்தான். ஆனால் கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு கண்ணையும் கரிக்காது, மூக்குக்கும் தெரியாது. ஜன்னலை மூடிவைத்துச் சமைக்கக் கூடாது.

சருகு முழுவதும் இலவசமும் அல்ல. சவுக்கின் வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. உதிரும் சருகு வழியாகத்தான் அதில் ஒரு பங்கு மணலுக்குச் சேர்கிறது. ஆண்டுதோறும் துடைத்து வாரினால் நிலம் மெலியும். மரம் வெட்டி, அடுத்த நடவுக்கு நிலத்தைத் துப்புரவாக்கும்போது ஒதுக்கிக் குவிக்கிற சருகை முதலில் டிரம்முக்கு எடுக்கலாம்.