புதிய கடல்நீர்த் தொட்டியும் அதிற் படரும் பாசியும்

சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டில் மீன்காட்சிச்சாலையொன்று திறக்கப்பட்டது. அரசாங்க அருங்காட்சிச்சாலைக்குத் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் என்பாரின் முயற்சியால் எழுந்த அச்சாலை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டுப்போயிற்று. கடல்மீன் உயிரோடு நீந்துவதைக் கண்ணாடி வழியே காண விரும்பிய நம் முன்னோர் புகைவண்டியேறி அங்குச் செல்லவேண்டியிருந்தது. இன்றோ, எளாவூரில் வாழ்வோரும், சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்கு ஒருமுறை சென்றுவந்தால், தம் இல்லத்துக் கூடத்திலேயே அக்காட்சியை அமைத்துக்கொள்ளலாம்.

ஆயினும், தொட்டியை வைத்துச் சில நாள் கழிவதற்குள் வெண்மணல் பழுப்பேறுகின்றது. பின்னர்ப் பாறைகளின்மேற் பச்சை மயிர் முளைத்தாற்போல இழைகள் நீளுகின்றன. சிலவிடத்துச் செங்கருநிறமான வழவழத்த படலம் மணலைப் போர்வையென மூடுகின்றது. இதுகண்டு மனமுடைந்தோர் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி மீண்டும் நீர் நிரப்புகின்றனர். அவ்வாறு செய்வதனால் அத்துன்பம் முதலிலிருந்து தொடங்குமேயன்றித் தீராது. அதன் காரணத்தையே ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

பாசி என்று நாம் ஒரு சொல்லால் வழங்குவது ஒரே இனமன்று. சென்னை இராஜதானிக் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கிய எம். ஓ. பி. ஐயங்கார் அவர்கள் தம் வாழ்நாள் முழுவதையும் பாசிகளின் ஆராய்ச்சிக்கே செலவிட்டனர் என்றால், அவ்வுலகின் விரிவு எத்தகையதென்பது விளங்கும். தொட்டிக்காரர் மூன்று வகையை அறிந்தாற் போதும். முதலிற் பழுப்பாய்த் தோன்றுவது டையாட்டம். பூதக்கண்ணாடியில் நோக்கினால் மூடியிட்ட சிறு பெட்டி போன்று தோன்றும் இவ்வுயிர், நீரிலுள்ள சிலிக்காவைக் கொண்டு தன் ஓட்டைச் சமைத்துக்கொள்கின்றது; அது தீர்ந்தவுடன் பெரும்பாலும் தானே குன்றிவிடும். இரண்டாவது பச்சையிழைப் பாசி. மூன்றாவதாகிய வழவழத்த படலமோ மெய்யாகப் பாசியன்று. ஒளியை உண்டு வாழும் பாக்டீரியா இனமாம். இதனை நீலப்பச்சைப் பாசி என்பது பழவழக்கு.

இனி, புதிய தொட்டியில் இவை தழைப்பது ஏன்? மீனின் செவுள் வழியாகவும், எஞ்சிய இரை அழுகுவதனாலும் நீரில் அமோனியா சேருகின்றது. அது நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியா அதனை நைட்ரைட்டாகவும், பிறிதொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 1890-ஆம் ஆண்டையொட்டி ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி என்பார் இவ்வுண்மையைத் தெளிவாக நிலைநாட்டினர். மணலிலும் பாறையிலும் இக்கிருமிகள் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வரையிற் செல்லும். அதற்குள் உணவுச்சத்து மிகுந்தும், அதனைப் பங்கிட்டுக்கொள்ளும் உயிர்கள் குறைந்தும் இருப்பதனால், விரைந்து வளரவல்ல பாசியே முதலில் இடம் பிடிக்கின்றது. உழுதுபோட்ட நிலத்தில் நெல்லுக்கு முன்னே களை எழுவதில்லையா? அவ்வாறே இதுவும். கவிழ்த்துக் கழுவினவர் களையோடு நாற்றையும் பிடுங்கினவராவர்.

ஆகவே, நாம் கேட்கவேண்டிய கேள்வி பாசியை எங்ஙனம் கொல்வது என்பதன்று; அதன் உணவு எவ்வழியாய் வருகின்றது, எவ்வழியாய் வெளியேறும் என்பதே.

முதல்வழி நீர். எளாவூரார்க்குப் பழவேற்காட்டு ஏரி அண்மையிலிருப்பதனால், அங்கிருந்தே குடத்தில் உப்புநீர் கொணரலாமே என்று தோன்றும். இதனை நாம் ஒப்போம். அவ்வேரியின் நீர் ஆண்டு முழுவதும் ஒருபடித்தாய் இருப்பதன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆரணியாறும் காலங்கியாறும் வந்து விழும்போது உவர் குன்றிப்போம்; முகத்துவாரம் தூர்ந்த கோடையிலோ கடலினும் மிகுதியாய் உவர்க்கும். தொட்டி மீனுக்கு வேண்டுவதோ, ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்புள்ள மாறாத நீர். அன்றியும், ஆற்றுநீர் வண்டலையும் வயல்களின் உரச்சத்தையும் உடன் கொணரும். அச்சத்தே பாசிக்கு விருந்து. ஆழ்துளைக் கிணற்று நீரிலும் நைட்ரேட்டும் சிலிக்காவும் இருத்தல் கூடும். எனவே, ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரில், கடைகளில் விற்கும் கடலுப்புக் கலவையைக் கரைத்துக்கொள்வதே நன்று. மீஞ்சூரையடுத்த காட்டுப்பள்ளியில் 2010-ஆம் ஆண்டு முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இம்முறையாலேயே நடைபெறுகின்றது. அங்கே உப்பை நீக்குதற்கு அரும்பாடுபடுகின்றனர். நாமோ நன்னீரில் மீண்டும் உப்பை இடுகின்றோம்! வேடிக்கையாயினும் வழி இதுவே. மேலும், வெயிலால் வற்றுவது நீரேயன்றி உப்பன்று. ஆதலின், குறைந்த அளவை நன்னீரால் நிரப்பவேண்டும், உப்புநீராலன்று.

இரண்டாவது வழி இரை. இரண்டு மூன்று நிமிஷத்தில் மீன் உண்டு முடிக்கும் அளவே இடுக. விருந்தினர் வருந்தோறும் குழந்தைகள் ஒரு பிடி தூவி மகிழும் வீட்டில், பாஸ்பேட்டுக்குக் குறைவிராது. ஒளியைப்பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை: சன்னலின் வெயில் படாத இடத்தில் தொட்டியை வைத்து, நாளொன்றுக்கு 8 மணி நேரமளவே விளக்கேற்றினாற் போதும்.

பாசியை மேயும் பிராணிகளைப்பற்றிப் பலரும் வினவுவர். லண்டன் நகரத்து இரசாயன நூலறிஞர் வாரிங்டன் என்பார், தொட்டியில் மீனும் நீர்ச்செடியும் மட்டும் வைத்தபோது அழுகலும் பச்சைப் படலமும் மிகுந்தமை கண்டு, நத்தைகளை விட்டுச் சீர்ப்படுத்திய செய்தியை 1850-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கடல்நீர்த் தொட்டிக்கு டர்போ, டிரோக்கஸ் என்னும் நத்தைகளும், சங்கோட்டிற் குடியிருக்கும் துறவி நண்டும் ஏற்றவை. பழவேற்காட்டு மடவை மீனும் வண்டலோடு பாசியை உண்பதே; ஆனால் அது பெருத்து வளருமாதலின் வீட்டுத்தொட்டிக்கு ஆகாது. இங்கே ஒன்றை மறத்தலாகாது. நத்தை உண்ட பாசி மறைந்துபோவதில்லை. அதிற் பெரும்பகுதி கழிவாய் மீண்டும் நீரிலேயே கலக்கின்றது. ஏரியில் மிகுந்த சத்தை அலையேற்றமும் வலைஞர் வலையும் வெளியேற்றும். தொட்டிக்கு அலையுமில்லை, வலையுமில்லை. அத்தொழிலை உடையவரே ஏற்கவேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுக. இழைப்பாசியைக் கையாற் பறித்து வெளியே எறிக. கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவியைப் பொருத்துக. பக்கத்தொட்டியில் நூற்சிக்கல் போன்ற கீட்டோமார்ப்பா என்னும் பாசியை விளக்கொளியில் வளர்த்து, அவ்வப்போது ஒரு கைப்பிடி அறுத்தெறிவது மிக நேர்த்தியான உபாயம். வேண்டாத பாசியின் உணவை வேண்டிய பாசி உண்டு, அறுவடையோடு வெளியே போய்விடுகின்றது.

மயில்துத்தம் முதலிய செம்பு மருந்துகளை இட்டு ஒரே நாளிற் பாசியை ஒழிக்கலாமென்பார் சொல்லைக் கேளாதீர். செம்பு நத்தைக்கும் நண்டுக்கும் பவளத்துக்கும் கூற்றுவன். பாறையில் ஊறி நெடுநாள் தங்கவும் செய்யும். பாசி ஒருங்கே மடிந்து அழுகினால், பிராணவாயு குன்றி மீனும் மூச்சுத்திணறி மாளும்.

இவற்றைத் தவறாது செய்துவரின், சில மாதங்களில் இழைகள் மெலியக் காணலாம். அக்காலத்துப் பாறையின்மேல் இளஞ்சிவப்பாகச் சுண்ணாம்புத் தீற்றல்போல ஒன்று புள்ளி புள்ளியாய்ப் படியத் தொடங்கும். அதுவும் பாசியே, பவளப்பாறைகளைப் பிணைத்து இறுக்கும் சுண்ணாம்புப் பாசி. அதனை மட்டும் சுரண்டவேண்டா.