ஷென்மூவா, பப்ஜியா: எந்த கேமின் தாக்கம் பெரிசு?

2025 ஏப்ரலில் பாஃப்டா நடத்திய வாக்கெடுப்பில், அதிகத் தாக்கம் ஏற்படுத்திய வீடியோ கேமாக முதலிடம் பிடித்தது ஷென்மூ (1999). டூம், சூப்பர் மாரியோ பிரதர்ஸ் எல்லாம் அதற்குப் பின்னாடிதான்.

ஏன் ஷென்மூ?
வானிலை, கடை நேரம், ஊர்க்காரர்களின் அன்றாடம் என ஒரு ஊரையே கேமுக்குள் கொண்டுவந்தது. ஓபன் வேர்ல்ட் கேம்களுக்கு முன்னோடி.

இந்தியாவில்?
ஷென்மூ வந்தது ட்ரீம்காஸ்ட் கன்சோலில். டெல்லி புசா ரோடோ, மதுரையோ, நம்மில் பலர் கேம் பழகியது போன்லதான். 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிவாச்சு. 2018இல் பப்ஜி மொபைல் வந்தது. 2020 செப்டம்பரில் அரசு தடை செய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. 2021இல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது.

அப்போ எது?
மற்ற கேம்களை மாத்தினது ஷென்மூ. நம்ம ஊரில் கேம் ஆடுறவங்களையே உருவாக்கினது பப்ஜி.